வீட்டுக்குள் வந்து ஏமாற்றுவது விளம்பரமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘சின்னத்திரையில் நம்மை அதிகம் ஏமாற்றுவது நெடுந்தொடர்களா, விளம்பரங்களா?’ என்பது இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் தொடர்களைப் போட்டு வறுத்தெடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பாலில் மருந்து கலக்கிறார்கள், கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்கிறார்கள், ஒரு கல்யாணத்தை ஒரு மாதம் இழுக்கிறார்கள், தூங்கும்போதுகூடப் பட்டுச்சேலையையும் ஆரத்தையும் கழற்றுவதில்லை என்றார். அத்தனையும் உண்மை ஐயா. ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. நானும் தினமும் தொடர் பார்க்கிறவள்தான். ஒருத்தி கூடத்துக்கு வந்து ஒரு செய்தி சொன்னதும் அங்கே நிற்கிற எட்டுப் பேர் முகத்தையும் மூன்று மூன்று தடவை, இடிச்சத்தத்தோடு காட்டும்போது எனக்கும் எரிச்சல் வரத்தான் செய்கிறது.

ஆனால் நடுவர் அவர்களே, எதை மோசமாக எடுக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. எது நம்மை ஏமாற்றுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏமாற்றுவது என்றால், இல்லாததை இருப்பதாக நம்பவைத்து நம்மிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொள்வது. அந்த வேலையைத் தொடர் செய்யவில்லை, விளம்பரம்தான் செய்கிறது என்று சொல்லத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

தொடர் ஆரம்பிக்கும்போது ஓர் அட்டை போடுவார்கள். ‘இதில் வரும் பாத்திரங்களும் சம்பவங்களும் கற்பனையே, யாரையும் குறிப்பிடுவன அல்ல.’ நான் சொல்லப்போவது கட்டுக்கதை என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கதையை ஆரம்பிக்கிறார்கள். விளம்பரத்துக்கு வாருங்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் வருவார். பின்னால் ஒரு பல் படம், கையில் ஒரு பற்பசை. அவர் மருத்துவர் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கோட்டே சொல்லிவிடுகிறது. அப்புறம் ஒரு பல்லைப் பெரிதாக்கிக் காட்டி, கிருமிகள் கூட்டமாகச் சாவதைக் காட்டுவார்கள். அந்த நேரத்தில் திரையின் அடிப்பக்கம் எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி ஓடும். இது சித்திரிப்பு மட்டுமே, பலன் ஆளுக்கு ஆள் மாறுபடலாம் என்று அதில் எழுதியிருக்கும். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், இரண்டு வினாடிக்கு. எழுந்துபோய்த் திரையில் மூக்கை வைத்துப் பார்த்தாலும் படிக்க முடியாது. தொடர் எல்லோரும் படிக்கிற மாதிரி சொல்கிற உண்மையை, விளம்பரம் யாரும் படித்துவிடக் கூடாது என்று எழுதுகிறது. ஏமாற்றும் எண்ணம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அடுத்து, நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதைக் கவனியுங்கள். எங்கள் பெரியம்மா தொடர் பார்க்கும்போது அந்த அறையில் இரண்டு குரல் கேட்கும். ஒன்று தொலைக்காட்சி, இன்னொன்று பெரியம்மா. “அடிப்பாவி, அந்தப் பாலைக் குடிக்காதடி! அவ மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா உனக்கு?” என்பார். “இவன் திருந்திட்டேன்னு சொல்றதெல்லாம் நடிப்பு, நாளைக்குப் பாரு” என்பார். கதாசிரியர் ஒரு வாரம் கழித்துச் சொல்லப்போவதை முதல் நாளே சொல்லிவிடுவார். அப்புறம் விளம்பர இடைவேளை வரும். பெரியம்மா பூக்கட்டுவதில் குனிந்துவிடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். மடியில் இருக்கும் பேத்தி மட்டும் அந்த விளம்பரப் பாட்டை ஒரு எழுத்துப் பிசகாமல் பாடுவாள். மாதக் கடைசியில் மளிகைச் சீட்டு எழுதும்போது, சோப்பு என்று எழுத வேண்டிய இடத்தில் அந்தப் பாட்டில் வந்த பெயர் எழுதியிருக்கும். யார் முடிவு செய்தது? யாரும் செய்யவில்லை.

இதுதான் என் வாதத்தின் உயிர்நாடி. தொடரோடு நாம் சண்டை போடுகிறோம். சண்டை போடுகிறவரை ஏமாற்றுவது கஷ்டம். விளம்பரம் நாம் அசந்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்து நுழைகிறது.

எதிரணிச் சகோதரி கேட்டார், “தொடர்கள் பெண்களைக் கேவலப்படுத்தவில்லையா?” என்று. படுத்துகின்றன. ஆனால் அம்மா, ஒரு பெண்ணைச் சில வினாடியில் கேவலப்படுத்திக் காட்டிய கதை ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற அப்பா, வருமானம் போதவில்லை. ‘ஒரு மகன் இருந்திருந்தால்’ என்று பெருமூச்சு விடுகிறார். மாநிறத்து மகள் அதைக் கேட்டுக் கலங்குகிறாள். முகத்தில் ஒரு க்ரீம் பூசுகிறாள். சிவப்பாகிறாள். விமானப் பணிப்பெண் வேலை கிடைக்கிறது. அப்பா முகம் மலர்கிறது. ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரம் அது. அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடி, 2003-ல் அதை நிறுத்தவைத்தது. படிப்பு வேண்டாம், திறமை வேண்டாம், தோல் வெளுத்தால் போதும் என்று எந்த நெடுந்தொடர் மாமியாராவது இவ்வளவு துணிந்து சொல்லியிருக்கிறாளா?

அந்த க்ரீம் 1975-ல் கடைக்கு வந்தது. விளம்பரத்தில் ஒரே முகத்தை வரிசையாக அடுக்கி, இடதுபுறம் கறுப்பில் ஆரம்பித்து வலதுபுறம் வெளுப்பில் முடிப்பார்கள். கறுப்பான முகம் சிரிக்காது. வெளுக்க வெளுக்கச் சிரிப்பு விரியும். நம் வெயிலில் பிறந்து வளர்ந்த எத்தனை பெண்பிள்ளைகள் கண்ணாடி முன் நின்று, அந்த வரிசையில் நான் எத்தனையாவது முகம் என்று பார்த்திருப்பார்கள்! கறுப்பாக இருப்பவரை மட்டமாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் துறையின் தரக் கழகமே விதி எழுதியது 2014-ல்தான். அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் கொல்லப்பட்டு, நிறவெறி பற்றி உலகமே பேச ஆரம்பித்த பிறகு, 2020 ஜூலையில் ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘குளோ’ என்று பெயர் மாற்றினார்கள். 45 வருடம் நடுவர் அவர்களே! எதிரணி ஆறு வருடம் ஓடிய தொடருக்கே இவ்வளவு கோபப்பட்டார்கள். பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறையிடம் ஒரே பொய்யைச் சொன்ன இதற்கு எவ்வளவு கோபப்பட வேண்டும்?

குழந்தைகள் பானத்துக்கு அதிகம் நேரம் எடுக்க மாட்டேன். பரீட்சையில் முதலிடம், ஓட்டப் பந்தயத்தில் முதலிடம், சுவரில் பென்சிலால் கோடு போட்டு உயரம் பார்க்கும் அம்மா என்று நாம் பார்த்தே வளர்ந்தோம். ‘ஆரோக்கிய பானம்’ என்ற ஒன்றுக்கு நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறையே கிடையாது என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் விற்காதீர்கள் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு எழுதியது. அதுவரை, தன் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க முடியாத தாய், தான் ஏதோ குறை வைத்துவிட்டதாக நினைத்து மனம் புழுங்கினாளே, அதற்கு யார் பதில் சொல்வது?

பணத்துக்கு வருகிறேன். இது கொங்கு மண்டலத்து மக்கள் நெஞ்சில் இன்னும் ஆறாத காயம். ஈமு கோழி! குஞ்சு வாங்கி வளர்த்தால் மாதாமாதம் பணம், வருடக் கடைசியில் போனஸ் என்று சினிமா நடிகர்களை வைத்துத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தார்கள். நிலத்தை விற்று, நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் அது சரிந்தது. பணம் வாங்கியவர்கள் தலைமறைவானார்கள். பண்ணைகளில் கோழிகள் தீனி இல்லாமல் கிடந்தன, அரசாங்கமே தீனி போட வேண்டிவந்தது. வழக்கு கோவைச் சிறப்பு நீதிமன்றம் வரைக்கும் போனது, தண்டனையும் கிடைத்தது. பணத்தைத் தொலைத்தவர் வீட்டுக்கு அதனால் விடிந்துவிட்டதா?

அதற்கப்புறம் இணையத்தில் பணம் வைத்து ஆடும் ரம்மி சீட்டாட்டம். ஒரு சாதாரண ஆள் பேருந்தில் உட்கார்ந்து கைப்பேசியைத் தட்டுவார், லட்சங்கள் ஜெயித்ததாகச் சிரிப்பார். 2020 டிசம்பரில் ஒரு விதி வந்தது. இதில் பண இழப்பு அபாயம் உண்டு, அடிமையாகிவிடும் வாய்ப்பும் உண்டு என்ற எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்றார்கள். எப்படிச் சொன்னார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? ‘வாங்க விளையாடலாம்’ என்பதை நிறுத்தி நிதானமாக, தேன் ஒழுகச் சொன்ன அதே விளம்பரத்தின் கடைசியில், எச்சரிக்கையை மூச்சுவிடாமல், ஒரு சொல்லும் தனியாகக் கேட்காதபடி உருட்டித் தள்ளினார்கள். சட்டம் கேட்டதைக் கொடுத்தாகிவிட்டது, நம் காதில் மட்டும் விழவில்லை. சம்பளத்தை, சீட்டுப் பணத்தை, கடன் வாங்கியதை எல்லாம் அதில் விட்டுவிட்டு உயிரையும் விட்ட செய்திகள் தமிழ்நாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, மாநில அரசு சட்டம் கொண்டுவந்து, அதன் மேல் வழக்குகள் நடந்து, கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்ய வேண்டிவந்தது. எதிரணி நண்பர்களைக் கேட்கிறேன். ஒரு நெடுந்தொடரைப் பார்த்து வீட்டை அடகு வைத்த ஒரே ஓர் ஆளை இந்த மேடையில் காட்டுவீர்களா?

தொடர் நம்மிடம் நேரத்தை வாங்குகிறது, சரி. ஆனால் பதிலுக்கு ஏதோ தருகிறது. 2002-ல் ‘மெட்டி ஒலி’ வந்தபோது, ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பன் படும் பாட்டை எத்தனை வீட்டுத் தகப்பன்மார் தங்கள் கதையாகப் பார்த்தார்கள்! ‘எதிர்நீச்ச’லில் ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தபோது, “எங்க வீட்லயும் ஒரு குணசேகரன் இருக்காரு” என்று பெண்கள் வாய்விட்டுச் சொன்னார்கள். அதுவரை பேர் வைக்காமல் சகித்துக்கொண்டிருந்த அதிகாரத்துக்கு ஒரு பேர் கிடைத்தது. 2023 செப்டம்பரில் அவர் காலமானபோது, திரையில் அவரைத் திட்டிய அதே வாய்கள்தான் அழுதன. மக்கள் கதையையும் மனிதரையும் தெளிவாகப் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள் நடுவர் அவர்களே. தொடர் பார்க்கிறவர்கள் ஏமாளிகள் என்று எதிரணி சொன்னதை என்னால் ஏற்க முடியாது.

இன்னொன்று. தொடரை ஏன் இழுக்கிறார்கள்? ஏன் முகத்தை மூன்று தடவை காட்டுகிறார்கள்? ஏன் கத்தியை ஓங்கிய கையோடு நிறுத்துகிறார்கள்? இடைவேளை வருகிறது, நாம் வேறு சேனலுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்கு விளம்பரம் குவிகிறது, அதனால் முடிக்க மனம் வராது. எதிரணி தொடர் மேல் சுமத்திய குற்றத்தில் பாதி விளம்பரத்தின் கணக்கில் ஏற வேண்டியது. ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 10 நிமிடம், சேனல் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள 2 நிமிடம், அதற்கு மேல் கூடாது என்று கேபிள் தொலைக்காட்சி விதியிலேயே இருக்கிறது. விளம்பரத்தின் ஒலி மிதமிஞ்சி இருக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. தொட்டிலில் பிள்ளையைப் போட்டுவிட்டுத் தொடர் பார்க்கிற தாயைக் கேளுங்கள், பிள்ளை வசனத்துக்கு விழிக்கிறதா, விளம்பரம் ஆரம்பிக்கிற சத்தத்துக்கு விழிக்கிறதா என்று.

மணி அடித்துவிட்டீர்கள், இதோ முடித்துவிடுகிறேன். விளம்பரம் இல்லாமல் சேனல் நடத்த முடியாது என்று எதிரணியில் அடுத்து வருகிறவர் சொல்லத்தான் போகிறார். விளம்பரமே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. சோப்பை சோப்பு என்று விற்கட்டும். மீறினால் கேட்கச் சட்டம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. அதில் நடித்துப் பரிந்துரை செய்கிற நட்சத்திரத்துக்கும் பொறுப்பு உண்டு. புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது. இந்தத் திடலில் இருக்கும் தாய்மார்கள் அந்த எண்ணைக் கைப்பேசியில் இப்போதே ஏற்றிக்கொள்ளுங்கள். பாலில் மருந்து கலக்கும் வில்லியைத் திட்டுகிற அதே வேகத்தோடு, இடைவேளையில் வருகிறவனையும் ஒரு நாள் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நடுவர் அவர்களே, நம்மை அதிகம் ஏமாற்றுவது விளம்பரங்களே என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.