யாரும் விரட்டாத படிப்பு

மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பள்ளியில் வாராவாரம் தேர்வு வைத்தார்கள், நோட்டுத் திருத்தினார்கள், படிக்காவிட்டால் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பல்கலைக்கழகத்தில் அந்த விரட்டல் நின்றுவிடும். பாடம் புரிந்ததா என்று இடைத்தேர்வு வரும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். நன்றாகப் படித்த பிள்ளைகளும் முதல் பருவத்தில் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான். அறிவுக் குறைவால் அல்ல.

முதலில் நேரக் கணக்கு. பல பல்கலைக்கழகங்களில் ஒரு கிரெடிட் என்றால் வாரம் 1 மணி நேர வகுப்பு, அதற்கு மேல் 2 மணி நேரச் சொந்தப் படிப்பு. 15 கிரெடிட் எடுத்தால் வாரத்துக்கு 45 மணி நேர வேலை. கால அட்டவணையில் 15 மணிதான் அச்சாகியிருக்கும்; மிச்சம் 30 மணியும் ஓய்வுபோலத் தோன்றும். அந்த வெற்றுக் கட்டங்களில் 'செவ்வாய் 11 முதல் 1 வரை, நூலகம், கணக்குப் பயிற்சி' என்று நீங்களே எழுதி நிரப்புங்கள்.

முதல் வாரத்திலேயே எல்லாப் பாடங்களின் தேர்வு, அசைன்மென்ட் தேதிகளையும் ஒரே காலண்டரில் குறியுங்கள். ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் தேதி வைப்பதில்லை. மூன்று ஒரே வாரத்தில் வந்து விழும். பாடத்தை மாற்றவோ விலகவோ கடைசி நாள் எது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

இனி, படிக்கும் முறை. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியை ஒரு சாரார் இருமுறை படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது இருமுறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. திரும்பப் படிக்கும்போது எழுத்து பழகிப்போகிறது, அதையே 'தெரியும்' என்று மனம் நம்பிவிடுகிறது. ஏமாற்றம் அங்கேதான்.

ஆகவே வகுப்பு நடந்த அன்றே, நோட்டை மூடிவைத்து, வெள்ளைத் தாளில் பத்து நிமிடம் எழுதுங்கள். பிறகு நோட்டைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். இரண்டு நாள் கழித்துச் சிவப்பில் இருப்பதை மட்டும் மறுபடி எழுதிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கணக்குப் பாடமானால் விடையைப் பார்க்குமுன் இருபது நிமிடமாவது முட்டிமோதுங்கள். விடையைப் பார்த்துப் புரிந்துகொள்வது வேறு, வெறுந்தாளில் முதல் வரியை எழுதத் தெரிவது வேறு.

சிக்கினால் ஆசிரியரின் அறைக்குப் போகத் தயங்காதீர்கள். 'ஒன்றுமே புரியவில்லை' என்றால் அவரால் அதிகம் செய்ய முடியாது. முயன்ற தாளைக் காட்டி, 'மூன்றாம் வரியில் குறி ஏன் மாறுகிறது?' என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடும்.

முதல் இடைத்தேர்வில் மதிப்பெண் குறைந்தால் விடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள். இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: தெரியவில்லையா, தெரிந்தும் பிழையா, நேரம் போதவில்லையா? தெரியாததற்குப் பாடத்துக்குத் திரும்பவேண்டும். பிழைக்கு, விடையைச் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். நேரம் போதாததற்குக் கடிகாரம் வைத்துப் பழைய வினாத்தாள் போடவேண்டும்.