ஜெயித்தவர் இல்லாத ஸ்டான்லி கோப்பை: சியாட்டில், 1919

[திரையில்: சியாட்டில் நகரின் பழைய கறுப்பு வெள்ளைப் படம்]

ஒரே ஃபைனல்தான். ஆனால் முதல் ஆட்டத்தில் அணிக்கு ஏழு பேர், இரண்டாவதில் ஆறு பேர், மூன்றாவதில் மறுபடியும் ஏழு பேர். தெருவில் பையன்கள் ஆள் கணக்கு பார்த்து ஆடும் கிரிக்கெட் மாதிரி இருக்கிறதா? இது ஐஸ் ஹாக்கியின் மிகப் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பைக்கான போட்டி.

அன்றைக்கு வட அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கி இரண்டாகப் பிரிந்து கிடந்தது. கிழக்கே, 1917-ல் தொடங்கிய என்ஹெச்எல் என்ற தேசிய ஹாக்கி லீக். மேற்கே, பசிபிக் கரையோரத்தில், லெஸ்டர் பேட்ரிக், ஃபிராங்க் பேட்ரிக் என்ற அண்ணன் தம்பி 1911-ல் தொடங்கிய லீக். மர வியாபாரத்தை விற்று அப்பா கொடுத்த பணத்தில் செயற்கைப் பனித்தளம் போட்டு ஆரம்பித்தார்கள். அந்தக் கரையில் குளிர்காலம்கூட அவ்வளவு குளிராது. தண்ணீர் தானாக உறையும் என்று காத்திருந்தால் ஆட முடியாது.

[திரையில்: ஏழு புள்ளிகள் கொண்ட தள வரைபடம். நடுவில் ஒரு புள்ளி மட்டும் சிவப்பு]

சிவப்பாகத் தெரிகிறாரே, அவர்தான் ஏழாவது ஆள், ரோவர். தடுப்புக்கும் தாக்குதலுக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் போவார். கிழக்கில் இவரை எடுத்துவிட்டார்கள், மேற்கில் வைத்திருந்தார்கள். இரண்டு சாம்பியன்களும் கோப்பைக்காக மோதும்போது யார் விதியில் ஆடுவது? ஒரு நாள் உன் விதி, ஒரு நாள் என் விதி. இதை மனதில் வைத்துக்கொண்டு 1919 தொடரைப் பார்த்தால்தான் ருசி தெரியும்.

மேற்கிலிருந்து சியாட்டில் மெட்ரோபாலிடன்ஸ். 1917-ல் இதே கோப்பையை வென்ற முதல் அமெரிக்க அணி. கிழக்கிலிருந்து, அன்று அவர்களிடம் தோற்ற அதே மான்ட்ரியல் கனடியன்ஸ். 1917-ல் 14 கோல் போட்ட பெர்னி மாரிஸ் இந்த முறை சியாட்டிலுக்கு இல்லை. ராணுவ ஆள்சேர்ப்பிலிருந்து தப்பினார் என்று தொடருக்குச் சற்று முன் அவரைக் கைது செய்துவிட்டார்கள்.

அவர் இல்லாமலேயே மார்ச் 19 அன்று, மேற்கு விதியில், சியாட்டில் 7-0. ஃபிராங்க் ஃபாய்ஸ்டன் மட்டும் மூன்று கோல். அடுத்தது கிழக்கு விதி: மான்ட்ரியல் 4-2, நான்கையும் போட்டவர் நியூசி லலோன்ட். மூன்றாவது, மேற்கு விதி: சியாட்டில் 7-2, ஃபாய்ஸ்டனுக்கு நான்கு. ரோவர் இருந்தால் சியாட்டில் கொடி பறக்கிறது, இல்லாவிட்டால் திணறுகிறது.

மார்ச் 26, நான்காவது ஆட்டம். எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்தது இதுதான், ஒரு கோல்கூட விழாவிட்டாலும். முதல் பகுதி முடியும் நொடியில் சியாட்டிலின் கல்லி வில்சன் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை, வலைக்குள் தள்ளினார். நடுவர் மிக்கி அயன், நேரம் முடிந்துவிட்டது, செல்லாது என்றார். அப்புறம் ஒரு பக்கம் ஜார்ஜ் வெசினா, மறுபக்கம் ஹாப் ஹோம்ஸ், இரண்டு கோல்கீப்பர்களும் எதையும் விடவில்லை. ஓவர்டைம் 20 நிமிடமும் ஓடி முடிந்தது. 0-0.

மாற்று ஆட்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்த காலம். முக்கியமானவர்கள் பெரும்பாலும் ஆட்டம் முழுக்கத் தளத்திலேயே இருப்பார்கள். அந்தக் களைப்போடு ஐந்தாவது ஆட்டம். சியாட்டில் 3-0 முன்னிலை. கடைசிப் பகுதியில் மான்ட்ரியல் மூன்றையும் திருப்பியது. ஓவர்டைமில் ஜாக் மெக்டொனால்ட் அடித்து 4-3. ஆளுக்கு இரண்டு வெற்றி, ஒன்று சமன். ஆனால் மான்ட்ரியலின் ஜோ ஹால் அந்த ஆட்டத்தை முடிக்காமலேயே வெளியேறியிருந்தார்.

[திரையில்: முகக்கவசம் அணிந்த 1918-ஆம் ஆண்டு சியாட்டில் போலீசார்]

காரணம், உலகத்தையே வாட்டிய இன்ஃப்ளூயன்ஸா. 1918 இலையுதிர் காலத்தில் சியாட்டில் முகக்கவசம் போட்டு, பிறகு கழற்றியும்விட்டது. காய்ச்சல் மட்டும் விட்டுப் போகவில்லை. ஹால், லலோன்ட், மெக்டொனால்ட், கூட்டூ, பெர்லிங்கெட், மேனேஜரும் உரிமையாளருமான ஜார்ஜ் கென்னடி என்று மான்ட்ரியல் தரப்பில் ஒவ்வொருவராகப் படுத்தார்கள்.

ஏப்ரல் 1, தீர்மான ஆட்டம். தொடங்க ஐந்தரை மணி நேரம் இருக்கும்போது ரத்து. மேற்கு லீக்கின் விக்டோரியா அணியிலிருந்து ஆட்களைக் கடன் கேட்டார் கென்னடி. ஃபிராங்க் பேட்ரிக் சம்மதிக்கவில்லை. சரி, நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம், கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் கென்னடி. சியாட்டில் பயிற்சியாளர் பீட் மல்டூன் மறுத்துவிட்டார். படுக்கையில் கிடப்பவர்களிடமிருந்து கோப்பை வாங்க அவருக்கு மனமில்லை. இதைப் பெருந்தன்மை என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் ஆள் கடன் கொடுத்திருந்தால் முடிவே தெரிந்திருக்குமே என்ற கேள்வியும் எனக்கு இருக்கிறது.

ஏப்ரல் 5 அன்று, நிமோனியா முற்றி, ஜோ ஹால் சியாட்டிலிலேயே இறந்தார். வயது 37. முரட்டு ஆட்டத்துக்காக ‘பேட் ஜோ’ என்று பெயர் எடுத்தவர்.

[திரையில்: கோப்பையின் வளையம், அருகே]

1948-ல் கோப்பையை மாற்றி வடிவமைத்தபோது 1919-க்கு நேரே இரண்டு அணிகளின் பெயரையும் பொறித்து, தொடர் முடிவுறவில்லை என்று எழுதினார்கள். சியாட்டில் 1920-லும் ஃபைனலுக்கு வந்து ஒட்டாவாவிடம் தோற்றது. 1924-ல் அணியே கலைந்தது.

கென்னடி பிழைத்தார், ஆனால் முழுதாகத் தேறவில்லை. 1921-ல் அவர் காலமானதும், மனைவி கனடியன்ஸ் அணியை விற்றார். விலை 11,000 டாலர்.