ஐப்பசி மழைக்கு முன்பே போட வேண்டிய ஊசி

நேயர்களுக்கு வணக்கம். டெல்டா கிராமங்களில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான்.

புரட்டாசி பிறந்துவிட்டது. குறுவை அறுப்பும் சம்பா நடவும் சேர்ந்துகொண்டு, வயலுக்கு ஆள் கிடைக்காத நேரம். இப்போது போய் ஃபுளூ தடுப்பூசியைப் பற்றியா பேசுவது என்று நினைக்காதீர்கள். இதுதான் அதற்கான மாதம்.

ஃபுளூ எனப்படும் இன்ஃபுளூயன்சா காய்ச்சலைக் குளிர்நாட்டு நோய் என்று பலர் எண்ணுகிறார்கள். சென்னையிலும் வேலூரிலும் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, அக்டோபர், நவம்பரில்தான் அது உச்சத்தைத் தொட்டது. வடகிழக்குப் பருவமழையே நமக்கு அதன் பருவம். அடைமழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் அத்தனை பேரும் இருக்கிறோம். சென்னையிலும் திருப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் நெரிசலான பஸ்ஸில் தீபாவளிக்கு வருகிறார்கள். மயிலாடுதுறையில் துலா நீராடக் கூட்டம் சேர்கிறது. ஊசி போட்ட பிறகு உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் வேண்டும். அதனால்தான் புரட்டாசி என்கிறேன்.

காய்ச்சல் வந்தால் ‘ஓர் ஊசி போட்டுவிடுங்கள்’ என்று டாக்டரை வற்புறுத்துகிறவர்களே, உடம்பு நன்றாக இருக்கும்போது ஊசி எதற்கு என்று கேட்கிறார்கள். கர்ப்பிணிக்கு என்றால் வீடே பதறுகிறது. பதற வேண்டாம். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்தத் தடுப்பூசி போட முடியாது. தாய் கர்ப்பத்தில் போட்டுக்கொண்டால், அவள் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி பிறக்கும் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்து, முதல் சில மாதங்கள் காக்கிறது. இதைவிட நல்ல சீர் என்ன இருக்கிறது?

ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ். அதனால் ஊசியே ஃபுளூவை உண்டாக்காது; கை வலிக்கும், சிலருக்கு ஒரு நாள் உடம்பு கதகதப்பாக இருக்கும், அவ்வளவுதான். டெங்குவையோ எலிக்காய்ச்சலையோ இது தடுக்காது. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் புதிதாகப் போட வேண்டும்.

நாடு முழுவதுக்குமான அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை. நடவுக் கூலியில் ஓடும் குடும்பம் தனியாரிடம் காசு கொடுத்துப் போடுவது சுமைதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று நான் ஓயாமல் கேட்பேன். அதுவரை, வீட்டில் எல்லோருக்கும் முடியாவிட்டால், கர்ப்பிணி, வயதானவர், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை, சர்க்கரை, இழுப்பு (ஆஸ்துமா), இதய நோய் உள்ளவர் ஆகியோருக்கு முதலில் போடுங்கள். சிறு பிள்ளைக்கு முதன்முறை போடும் ஆண்டில் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை, ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

அப்படியும் இவர்களில் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால், கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஃபுளூ வைரஸை எதிர்க்கும் ஒசெல்டாமிவிர் மருந்து முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மழை விடட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.