அந்த நீண்ட ‘ஓ’

நடுவர் அவர்களே, பாடகர் குழு நண்பர்களே, பங்கு மக்களே, வணக்கம்.

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்தில் ஆலயத்தில் ஒலிக்க வேண்டியது, லத்தீனில் வளர்ந்த பழைய வழிபாட்டுப் பாட்டு முறையான கிரகோரியன் இசையா, புதுப் பாடல்களா என்பது தலைப்பு. நான் பழசின் பக்கம். என் தலைமுடியைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பீர்கள்.

எதிரணித் தம்பி சொன்ன முதல் குற்றம், தாளம் இல்லை, தூக்கம் வருகிறது என்பது. தம்பி, கச்சேரியில் விருத்தம் பாடும்போது மிருதங்கக்காரர் கையைக் கட்டிக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறார்? அப்போது யாராவது தூங்குகிறார்களா? அடுத்த சொல் எங்கே வந்து விழும் என்று காது காத்துக் கிடக்கிறது. கிரகோரியன் இசையும் அந்த வகைதான். சொல்லும் மூச்சும் போகிற வழியில் ராகம் போகும்.

டிசம்பர் 17 முதல் 23 வரை ஏழு நாள், மாலைச் செபத்தில் மரியாவின் பாடலோடு ஒரு சிறு பாடல் வரும். 8-ஆம் நூற்றாண்டுக்குள்ளேயே ரோமையில் வழக்கத்தில் இருந்தவை இவை. ஏழும் ‘ஓ’ என்றே தொடங்கும். ஓ ஞானமே, ஓ ஆண்டவரே, ஓ ஈசாயின் வேரே, ஓ தாவீதின் திறவுகோலே, ஓ உதய ஒளியே, ஓ மக்களினங்களின் அரசரே, ஓ இம்மானுவேலே! கூப்பிடும் பெயர்தான் நாளுக்கு நாள் மாறும். மெட்டு ஏழுக்கும் ஒன்றே. ஒவ்வொன்றும் கடைசியில் ‘வாரும்’ என்று கெஞ்சும். லத்தீனில் அந்தப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து திருப்பிப் படித்தால் ‘ஏரோ க்ராஸ்’ என்று வரும். ‘நாளை இருப்பேன்’ என்று அர்த்தம். யார் யோசித்து வைத்தார்களோ, தற்செயலோ, ஏழு நாள் கூப்பிட்டதற்கு 23-ஆம் தேதி மாலை பதில் கிடைத்துவிடுகிறது. கீபோர்டில் இதற்கு பட்டன் இருக்கிறதா?

சரி, இரண்டாவது குற்றம், லத்தீன் புரியவில்லை. யார் லத்தீனில் பாடச் சொன்னது? அந்த நாள்களின் திருப்பலியில் நற்செய்திக்கு முன் வரும் அல்லேலூயா வசனங்களைக் கவனியுங்கள். இதே விளிகள்தான், தமிழிலேயே இருக்கின்றன. நாம்தான் அவசரமாக வாசித்துத் தள்ளிவிடுகிறோம்.

வழிபாட்டில் தாய்மொழிக்குக் கதவைத் திறந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான், அதாவது உலக கத்தோலிக்க ஆயர்களின் மாமன்றம்தான், 1963-இல் அதே ஏட்டில், மற்றவை சமமாக இருந்தால் கிரகோரியன் இசைக்கு முதலிடம் என்றும் எழுதியது. எதிரணி பாதியை மட்டும் வாசித்துவிட்டு வந்திருக்கிறது. அந்தந்த நாட்டு இசையையும் மதிக்கச் சொல்கிறதே என்பீர்கள். ஆமாம், சொல்கிறது. அதனால்தான் விருத்தத்தை இழுத்தேன்.

திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் ‘உன்னதங்களிலே இறைவனுக்கு மாட்சிமை’ என்ற வானவர் கீதம் கிடையாது. வாயைக் கட்டிவைத்து, பசி வரவைத்து, 24 இரவு அவிழ்த்துவிடுகிறது திருச்சபை. நாமோ கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பி, முதல் வாரமே பாலன் பிறந்துவிட்டார் என்று தெருத்தெருவாகச் சொல்லி, கேக்கும் தின்றுவிடுகிறோம். அப்புறம் 24 இரவு பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

ரிதம் பேடைத் தூக்கி எறியச் சொல்லவில்லை தம்பி. பிறப்பு விழாவுக்கு ஆசைதீர வாசியுங்கள், நானும் கை தட்டுகிறேன். 17-ஆம் தேதி மாலை மட்டும் அதை அணைத்துவிட்டு, ஒரே மூச்சில் ஒரு ‘ஓ’ பாடிப் பாருங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, உட்கார்ந்துவிடுகிறேன்.