பூதம் நம்மைப் பார்க்கிறது

எல்லோருக்கும் வணக்கம்.

என் கையில் இருப்பது ‘டெத்ட்ராப் டஞ்சன்’ என்ற விளையாட்டுக் கதைப் புத்தகம். 1984-இல் முதலில் வந்தது. அட்டையை இப்போதைக்கு உள்ளங்கையால் மூடிக்கொள்கிறேன், கடைசியில் காட்டுகிறேன். பதினொரு வயதில் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். முன்பக்கத்தில் மதிப்பெண் குறித்துக்கொள்ள ஒரு கட்டம் போட்ட தாள் இருக்கிறது. எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ அதில் பென்சிலால் எழுதி அழித்து, எழுதி அழித்து, ஓர் இடத்தில் தாளே ஓட்டையாகிவிட்டது. அதன் பக்கத்தில் 19, 17, 15, 13 என்று எண்கள் இறங்கிக்கொண்டே போகின்றன. ஓர் அடி வாங்கினால் இரண்டு தெம்பு குறையும் என்பது இந்தப் புத்தகங்களின் விதி. முகம் தெரியாத ஒரு பிள்ளை ஏதோ ஒரு பூதத்திடம் விடாமல் அடி வாங்கியிருக்கிறது. அந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளையின் மேல் ஒரு பாசம் வரும்.

இந்த வகைப் புத்தகத்தைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கதை 400 துண்டுகளாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இடது பக்கம் போனால் இந்த எண்ணுக்குப் போ, வலது பக்கம் போனால் அந்த எண்ணுக்குப் போ என்று நம்மையே முடிவெடுக்க வைக்கும். இரண்டு தாயக்கட்டையும் ஒரு பென்சிலும் போதும். திறமை, தெம்பு, அதிர்ஷ்டம் என்று மூன்று கணக்கு. ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் சேர்ந்து எழுதிய ‘த வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்’ 1982-இல் இங்கிலாந்தில் பஃபின் வெளியீடாக வந்தது. மலைக்குள் ஓர் ஆறு ஓடும். ஆறு வரைக்கும் லிவிங்ஸ்டன், ஆற்றுக்கு அப்பால் ஜாக்சன் என்று பாகம் பிரித்து எழுதினார்கள். அந்த வரிசையில் பஃபின் 59 புத்தகங்கள் போட்டது.

எழுதியவர்கள் பெயர் பலருக்கும் தெரியும். நான் இன்று வரைந்தவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

வழக்கமான கதைப் புத்தகத்தில் படம் எப்படி இருக்கும்? வீரன் ஒரு பக்கம் வாளோடு நிற்பான், எதிரில் அரக்கன். நாம் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்போம். இந்தப் புத்தகங்களில் வீரன் படத்தில் வருவது அபூர்வம். ஏனென்றால் வீரன் நாம்தான். கதவைத் திறந்தால் நம் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதுதான் படம். அதனால் பக்கத்தைப் புரட்டியதும் பூதம் நேராக நம்மைப் பார்க்கிறது. பத்து வயதுப் பிள்ளை சட்டென்று புத்தகத்தை மூடிவிட்டு, அப்புறம் மெதுவாக ஒரு விரல் அளவு திறந்து பார்ப்பது இதனால்தான். நான் அப்படித்தான் பார்த்தேன்.

முதல் புத்தகத்தின் உள்படங்களை வரைந்தவர் ரஸ் நிக்கல்சன். 2023-இல் காலமானார். வெறும் கறுப்பு மை, பேனா. வண்ணம் கிடையாது, மலிவுத் தாள். அந்த வரம்புக்குள் அவர் செய்தது பெரிய வேலை. 1983-இல் வந்த ‘த சிட்டடல் ஆஃப் கேயாஸ்’ தொடக்கத்தில் கோட்டை வாசலில் இரண்டு காவலர்கள் நிற்பார்கள். ஒன்றுக்கு நாய் உடம்பு, குரங்குத் தலை. இன்னொன்றுக்குக் குரங்கு உடம்பு, நாய்த் தலை. வாயால் சொன்னால் சிரிப்புத்தான் வரும், இங்கேயே நாலு பேர் சிரிக்கிறீர்கள். நிக்கல்சனின் கோடுகளில் பார்த்தால் சிரிப்பு வராது. மயிர் மயிராக, சுருக்கம் சுருக்கமாக வரைந்து, இப்படி ஒரு பிராணி இருக்கத்தான் செய்கிறது என்று நம்ப வைத்துவிடுகிறார். எழுத்தாளருக்குக் கிடைப்பது சில வரிகள்தான், 400 துண்டையும் ஒரே சின்னப் புத்தகத்தில் அடக்க வேண்டுமே. மீதிக் கதையைச் சொன்னது ஓவியர். ஆகவே அவரையும் ஆசிரியர் என்றே நான் சொல்வேன்.

சரி, பூதங்கள் எங்கிருந்து வந்தன? கையில் இருக்கும் இந்தப் புத்தகத்திலேயே மான்டிகோர் என்று ஒன்று வரும். மனித முகம், சிங்க உடல், வால் நிறைய முள். அந்த முள்ளை அம்பு மாதிரி எய்யும். இது ஆங்கிலேயர் கற்பனை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை. ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் பாரசீக அரண்மனையில் வைத்தியம் பார்த்த க்டீசியாஸ் என்ற கிரேக்கர், இந்தியாவில் இப்படி ஒரு விலங்கு இருக்கிறது என்று எழுதி வைத்தார். மூன்று வரிசைப் பல் என்றும் சேர்த்துச் சொன்னார். பாரசீக மொழியில் அந்தப் பெயருக்கு ஆள்தின்னி என்று பொருள். பிறகு வந்த பவுசேனியஸ் என்ற இன்னொரு கிரேக்கர், அது புலியாகத்தான் இருக்கும், பயத்தில் மக்கள் கூட்டிச் சொல்லிவிட்டார்கள் என்றார். எனக்கு இந்த விளக்கம் ரொம்பப் பிடிக்கும். நம் காட்டுப் புலி, பயந்தவர்கள் வாய்வழியே ஊர் ஊராகப் போய், முள் முளைத்து, இங்கிலாந்தில் வெளியாகி, ஒரு பழைய புத்தகக் கடை வழியாக என்னிடம் திரும்பி வந்திருக்கிறது.

இடங்களும் அப்படித்தான். கதையில் நிலவறை இருக்கும் ஊர் ஃபாங், ஆறு கோக், ஊர்த்தலைவன் பெயர் சுகும்விட். மூன்றும் தாய்லாந்தில் இருப்பவை. ஃபாங்கும் கோக் ஆறும் வடக்கே சியாங் மாய் பக்கம், சுகும்விட் பாங்காக்கின் நீண்ட சாலை. இந்தப் புத்தகத்தை எழுதிய லிவிங்ஸ்டன் அங்கே பயணம் போய் வந்த நினைவு அப்படியே கதைக்குள் இறங்கியிருக்கிறது.

1985-இல் ‘அவுட் ஆஃப் த பிட்’ என்ற தொகுப்பு வந்தது. 250 பூதங்கள். ஒவ்வொன்றும் எங்கே வாழும், எத்தனையாகச் சேர்ந்து வரும், நம்மைக் கண்டால் பகைக்குமா, புத்தி எவ்வளவு என்று விலங்கியல் புத்தகம் மாதிரி விவரம். இதை நான் விளையாடவே இல்லை, ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரு பக்கம் இரண்டு பக்கம் என்று படித்தேன். ஒரு பூதத்துக்கு வீடும் பசியும் உண்டு என்று தெரிந்த பிறகு, அதை வெட்டும் முன் கை கொஞ்சம் தயங்கும்.

இனி அட்டையைக் காட்டுகிறேன். வரைந்தவர் இயன் மெக்கெய்க். பின்னாளில் ஸ்டார் வார்ஸ் படத்துக்காக டார்த் மால் என்ற வில்லனின் சிவப்பும் கறுப்புமான முகத்தை உருவாக்கியவர் இவரே. அட்டையில் இருக்கும் இந்தப் பூதத்தின் பெயர் பிளட்பீஸ்ட். நச்சுச் சேற்றுக் குட்டையிலிருந்து எழும்புகிறது. முகம் முழுக்கக் கண் போன்ற கொப்புளங்கள். அவை வெடிக்கும், மறுபடி வரும், எல்லாம் ஏமாற்று. அதற்கு நோகும் இடம் நிஜக் கண்கள் மட்டுமே. அவை இந்தக் கொப்புளங்களுக்கு நடுவில் ஒளிந்திருக்கின்றன. அன்றைக்கு நான் தாயக்கட்டையைக் கீழே வைத்துவிட்டு, விளக்குக்குக் கீழே அட்டையைப் பிடித்துக்கொண்டு தேடினேன்.

புத்தகத்தைச் சுற்றுக்கு விடுகிறேன். தாள் உதிரும், பார்த்துப் பிடியுங்கள். கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைகள் முதலில் பார்க்கட்டும். நிஜக் கண் எது என்று கண்டுபிடித்தவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள்.