உங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா?

(கொட்டாஞ்சேனையில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் ஐயா அவர்களே, மாலைப் பூசையை முடித்த கையோடு ஓடி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஆலய அறங்காவலர் ஐயா அவர்களே, பள்ளிவாசல் நிர்வாகத்தின் சார்பில் வந்திருக்கும் ஹாஜியார் அவர்களே, இந்த மண்டபத்தை ஒரு சதம்கூட வாங்காமல் தந்துதவிய வர்த்தகப் பெருமகன் அவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒருவரை மட்டும் தனியாக வணங்க வேண்டும். மூன்றாவது கதிரையில் கைத்தடியோடு இருக்கிறார்களே, அந்த அம்மா எனக்கு அரிச்சுவடி சொல்லித்தந்தவர். எத்தனையோ தேர்தல்களில் வாக்களிப்பு நிலையப் பொறுப்பாளராக இரவு முழுவதும் பெட்டியோடு கண்விழித்தவர். வாக்குப்பெட்டியைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் பூட்டுப் போட வேண்டும் என்று நான்காம் வகுப்பிலேயே எங்களுக்குச் சொன்னவர். எண்பது வயதைக் கடந்தும் இந்தப் படிகளில் ஏறி வந்திருக்கிறார்கள். டீச்சர், உங்கள் முன்னால் பேச எனக்கு இன்றும் கை நடுங்குகிறது.

உள்ளூராட்சித் தேர்தலும் அதில் நிற்கும் கட்சிகளும் என்பது தலைவர் ஐயா எனக்குத் தந்த தலைப்பு. மூன்று விஷயம் சொல்வதாக ஒத்துக்கொண்டு வந்தேன். மாநகர சபை எப்படி வந்தது, யார் யார் போட்டியிடுகிறார்கள், புதிய தேர்தல் முறை எப்படி வேலை செய்கிறது. தொடங்குமுன் என் தாத்தா சொல்லும் ஒரு பழமொழி. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் பிறந்தது. விகாரமகாதேவிப் பூங்காவுக்கு எதிரே வெள்ளையாக நிற்கும் நகர மண்டபம் 1920களில் எழும்பியது. சர்வசன வாக்குரிமை 1931இல் வந்தது. அதற்கு அடுத்த வருடமே, 1932இல், நம்முடைய கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்கு, அதாவது அன்றைய சட்டசபைக்கு, தெரிவானவர் ஒரு தமிழ்ப் பெண், நேசம் சரவணமுத்து. அவருடைய கணவர் டாக்டர் ரட்ணஜோதி சரவணமுத்து 1937இல் கொழும்பின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட மேயரானார். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இந்தப் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. நமக்கும் இந்த நகர மண்டபத்துக்கும் உள்ள உறவு நேற்றைய உறவு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, கட்சிகளுக்கு வருகிறேன். தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி, ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசி, ஐக்கிய தேசியக் கட்சியின் யானை, பொதுஜன பெரமுனவின் மொட்டு, ஜனநாயக மக்கள் முன்னணியின் ஏணி, முஸ்லிம் காங்கிரஸின் மரம், அப்புறம் சுயேச்சைக் குழுக்கள். தேர்தல் வந்தால் ஜெம்பட்டா வீதியில் இத்தனை சின்னமும் நமக்குத் தெரியும். சின்னத்தின் வலிமை என்ன என்பதை இந்தக் கொழும்பு ஒருமுறை எல்லோருக்கும் காட்டியது. 2006இல் யானைக் கட்சியின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. பல காலம் ஆண்ட கட்சிக்கு வாக்குச்சீட்டில் இடமே இல்லை. மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் நின்ற ஒரு சுயேச்சைக் குழுவுக்குப் போடச் சொன்னார்கள். மக்கள் போட்டார்கள், முச்சக்கர வண்டி ஓட்டிய உவைஸ் மொஹமட் இம்தியாஸ் மேயரானார். வேட்புமனுப் பத்திரத்தில் ஒரு பிழை வந்தால் பெரிய கட்சியும் வெளியேதான் நிற்க வேண்டும். கட்சிக்கே அப்படி என்றால் பத்திரத்தில் பெயரே இல்லாத உங்களுக்கும் எனக்கும் என்ன கதி?

2018 பெப்ரவரி 10ஆம் திகதி தேர்தல் நடந்து ரோசி சேனாநாயக்க கொழும்பின் முதல் பெண் மேயரானார். அந்தச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல், காசில்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் நாம் தெரிவு செய்த ஒருவர்கூட நகர மண்டபத்தில் இல்லை, ஆணையாளர்தான். 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம், தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. கடைசியில் 2025 மே 6ஆம் திகதி 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. கொழும்பில் மொத்தம் 117 ஆசனம். தேசிய மக்கள் சக்திக்கு 48, ஐக்கிய மக்கள் சக்திக்கு 29. எவருக்கும் பெரும்பான்மை இல்லை. ஜூன் 16ஆம் திகதி இரகசிய வாக்கெடுப்பு வைத்து, 61க்கு 54 என்று தேசிய மக்கள் சக்தியின் விராய் கெலி பல்தசார் மேயரானார். ஏழு வாக்கு வித்தியாசம்! நான்கு உறுப்பினர்கள் மாற்றிப் போட்டிருந்தால் இந்த மாநகரத்தின் தலைமையே மாறியிருக்கும். ஓர் உறுப்பினரை அனுப்புவது ஒரு வட்டாரம். அந்த வட்டாரத்தில் நாம் எத்தனை பேர் இடாப்பில் இருக்கிறோம்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

இப்போது ஓர் ஆச்சியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். தலைவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், பொறுத்தருள வேண்டும், இதைச் சொல்லாமல் இறங்க என்னால் முடியாது.

எங்கள் தோட்டத்தில், அதாவது கொழும்பில் வீடுகள் நெருங்கி நிற்கும் எங்கள் குடியிருப்பில், இருபத்தேழு வீடு. கடைசி வீட்டில் அந்த ஆச்சி இருந்தார். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதினான்கு வயதில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்தவர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் என்று நாம் புத்தகத்தில் படிக்கிறோமே, அதை உடம்பில் சுமந்தவர். நாடில்லை, அடையாள அட்டை இல்லை, வோட்டு இல்லை. பிள்ளைகளைப் பெற்று, பேரப்பிள்ளையைக் கண்டு, கொழும்பின் குப்பையையும் வெள்ளத்தையும் எல்லோரையும்போல அனுபவித்தார். வோட்டு மட்டும் இல்லை. 2003இல் பிரசாவுரிமை கொடுக்கும் புதிய சட்டம் வந்தது. ஆச்சி கிராம சேவகரிடம் நடந்தார், கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, நடந்தார், படம் பிடிக்கக் கடைக்கு நடந்தார். முதன்முதலாக வாக்களித்தபோது அவருக்கு அறுபத்தைந்து வயது.

அன்று அவர் திரும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். இடது கைச் சுண்டுவிரலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். மை அழிந்துவிடக் கூடாதாம்! மூன்று நாள் அந்த விரலைத் தூக்கிப் பிடித்தபடியே உடுப்புத் தோய்த்தார், மாப் பிசைந்தார். குழாயடியில் வந்தவர் போனவருக்கெல்லாம் அந்த விரலைக் காட்டினார். "இந்தா பாரு, நானும் இந்த நாட்டு ஆளுதான்" என்றார். நாங்கள் பிள்ளைகள் சிரித்தோம். அன்று சிரித்ததற்காக இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு தேர்தலையும் அவர் விட்டதில்லை. 2018இல் மாநகர சபைக்கு வாக்களித்துவிட்டு, வென்ற உறுப்பினரை வழியில் மறித்து, "மகன், எங்க கானுக்கு மூடி போட்டுத் தா, பிள்ளைகள் விழுகுது" என்றார். ஒருதரம் இல்லை, பதினைந்து தரம் மறித்திருப்பார். கடைசியில் அந்த வடிகாலுக்கு மூடி வந்தது. இன்றும் அந்தக் கொங்கிறீட்டுப் பலகைக்கு மேல்தான் நாங்கள் நடக்கிறோம்.

2023இல் தேர்தல் என்றதும் ஆச்சி சேலையை மடித்து, பாய்க்குக் கீழே வைத்து மட்டம் தட்டி ஆயத்தமாக இருந்தார். தேர்தல் நின்றுபோனது. அவருக்குச் செய்தி புரியும், ஆனாலும் என்னைக் காணும்போதெல்லாம் "எப்ப தம்பி வோட்டு?" என்று கேட்பார். "வரும் ஆச்சி" என்பேன். 2024இல், மழைக்காலத்தில், காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தார். அந்தச் சேலையைத்தான் உடுத்திவிட்டார்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. 2025 ஏப்ரலில் தபால்காரர் வாக்காளர் அட்டைகளோடு வந்தார். ஆச்சியின் பெயருக்கு ஓர் அட்டை வந்தது. அதே வீட்டில் பிறந்து வளர்ந்த பேரன், இருபத்து மூன்று வயது, மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பிள்ளை, அவனுக்கு வரவில்லை. விசாரித்தேன். வாக்காளர் கணக்கெடுப்புப் படிவம் வந்த அன்று வீட்டில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறார்கள், அங்கே பழைய பெயர்களை அப்படியே எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பையன் கதவடியில் நின்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணே, ஆச்சிக்கு வந்திருக்கு. எனக்கு வரல்ல" என்றான். மே 6ஆம் திகதி அவனுடைய கூட்டாளிகள் பாடசாலைக்குள் போய்ப் புள்ளடி போட்டார்கள். அவன் மதிலோரத்தில் ஹெல்மட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இறந்தவருக்கு அட்டை வருகிறது, இருப்பவனுக்கு வரவில்லை. அறுபத்தைந்து வயதுவரை நடந்து நடந்து ஆச்சி வாங்கிய உரிமை, பேரனுக்கு ஒரு படிவத்தில் நான்கு எழுத்து எழுதாததால் இல்லாமல் போனது. யாரையும் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. அந்த வீட்டில் எனக்கும் பொறுப்பு உண்டு. அவனுடைய பெயர் இருக்கிறதா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லையே!

இந்த மண்டபத்தில் இருக்கும் எத்தனை பேருடைய வாக்கு இன்னும் யாழ்ப்பாணத்தில், மட்டக்களப்பில், ஹட்டனில் கிடக்கிறது? கை தூக்க வேண்டாம், உங்களுக்கே தெரியும். ஊரில் வாக்கு இருக்கட்டும் என்று நினைப்பது பாசம், புரிகிறது. ஆனால் உங்கள் குப்பையை அள்ளுவது கொழும்பு லொறி. வீட்டுக்குச் சோலை வரி கட்டுவது கொழும்புக்கு. உங்கள் பிள்ளை நுளம்புக்கடிபட்டு டெங்கோடு படுப்பது இங்கே. மீதொட்டமுல்லையை மறந்துவிட்டோமா? 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். குப்பை மலை சரிந்து வீடுகளை மூடி முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் வீட்டு வாசலிலிருந்து போன குப்பைதான் அது. எங்கே கொட்டுவது, எப்படிப் பிரிப்பது என்று முடிவெடுக்கிற சபைக்கு ஆள் அனுப்பும் நாளில் நாம் வெள்ளவத்தையில் கதவைச் சாத்திவிட்டுத் தொலைக்காட்சி பார்த்தால் அந்த முடிவு யாருடையது?

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, வீட்டுக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. குடியிருப்பவரின் பெயரைப் பதியவிட்டால் வீடு போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். வீட்டு உரிமை உறுதிப் பத்திரத்தில் இருக்கிறது ஐயா, வாக்காளர் இடாப்பில் இல்லை. இடாப்பு, இந்த ஆள் இங்கே வசிக்கிறார் என்பதை மட்டும்தான் சொல்கிறது. குடியிருக்கும் தம்பி தங்கைகளே, நாளைக்குப் பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கப் போனால் பாடசாலையில் கேட்கிற முதல் கடதாசிகளில் இடாப்புப் பிரதியும் ஒன்று. எத்தனை வருடம் தொடர்ந்து இருக்கிறது என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். அன்றைக்கு ஓடித் திரிந்தால் கிடைக்காது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று தாத்தா சொன்னது இதற்கும்தான்.

மூன்றாவது விஷயத்துக்கு மணி அடித்துவிட்டார்கள். ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். உள்ளூராட்சித் தேர்தலில் வேட்பாளருக்குத் தனியாகப் போடும் விருப்பு வாக்கு இல்லை, ஒரு கட்சிக்கோ குழுவுக்கோ ஒரேயொரு புள்ளடி. ஆசனங்களில் 60 வீதம் வட்டாரங்களில் வென்றவர்களுக்கு, 40 வீதம் கட்சிப் பட்டியலுக்கு. வட்டாரத்தில் உங்கள் ஆள் தோற்றாலும் அந்த வாக்கு வீணாகாது, கட்சியின் மொத்தக் கணக்கில் சேர்ந்து பட்டியல் ஆசனமாக வரலாம். பெண்களுக்கு நான்கில் ஒரு பங்கு என்ற ஏற்பாடும் இருக்கிறது. சிதறி வாழும் நம்மைப்போன்ற மக்களுக்கு இந்த முறையில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. அதைத் தலைவர் ஐயா இன்னொரு நாள் அனுமதித்தால் கரும்பலகை வைத்துக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

எந்தக் கட்சிக்குப் போடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை, சொல்லவும் மாட்டேன். மேடையில் இருப்பவர்களே நான்கு கட்சிக்காரர்கள். எல்லோரும் சேர்ந்துதான் இந்த வேலையை எடுத்திருக்கிறோம். வாசலில், செருப்புக் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மேசை போட்டிருக்கிறோம். ஆச்சியின் பேரன்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறான். இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று அவனே போனில் பார்த்துச் சொல்வான். இல்லையென்றால் அடையாள அட்டை இலக்கத்தையும் இப்போது இருக்கும் விலாசத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், லைட் பில் கையில் இருந்தால் இன்னும் நல்லது. கிராம சேவகரின் அலுவலகத்துக்கு யாரைக் கூட்டிப்போக வேண்டுமோ அவர்களைக் கூட்டிப்போக இளைஞர்கள் எட்டுப் பேர் தயாராக இருக்கிறார்கள். நடக்க முடியாதவர்கள் சொல்லுங்கள், வீட்டுக்கே வருகிறோம். தேநீரும் வடையும் அந்த மேசையைத் தாண்டித்தான் வைத்திருக்கிறது. டீச்சர், முதல் ஆளாக நீங்கள் வந்து உங்கள் பெயரைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன், படியில் மெதுவாக இறங்கலாம்.