வளைவரை தன் தொலைத் தொடுகோட்டை வெட்டலாமா?

அடுத்த கேள்வி. "தொலைத் தொடுகோட்டை வளைவரை தொடவே தொடாதுன்னு படிச்சேன். ஆனா ஒரு கணக்குல வெட்டிட்டுப் போகுது. நான் தப்பா போட்டேனா?" இல்லம்மா, நீங்க போட்டது சரிதான். படிச்ச விதிதான் அரைகுறை.

தொலைத் தொடுகோடுன்னா, வளைவரை தூரம் போகப் போக நெருங்கிக்கிட்டே போற நேர்கோடு. பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. தூரம் போகப் போக வளைவரைக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி பூஜ்ஜியத்தை நெருங்குதா? நடுவுல வெட்டினா வெட்டிட்டுப் போகட்டும். மேல எக்ஸ், கீழ எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 1 எடுத்துக்கோங்க. எக்ஸ் 10-னா மதிப்பு சுமார் 0.099. எக்ஸ் 100-னா 0.01 கிட்ட. அப்போ எக்ஸ் அச்சே தொலைத் தொடுகோடு. ஆனா ஆதிப்புள்ளியில வளைவரை அதே அச்சை வெட்டுது! மேல சைன் எக்ஸ், கீழ எக்ஸ் வச்சு வரைஞ்சா, எக்ஸ் அச்சை வெட்டிக்கிட்டே இருக்கும். நமக்கு முதல்ல அதிபரவளையத்தைக் காட்டிடறாங்க, அது உண்மையிலேயே தொடாது. அதான் இந்தக் குழப்பம்.

சாய்ந்த தொலைத் தொடுகோட்டுலதான் மார்க் போகுது. மேல எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 1, கீழ எக்ஸ் மைனஸ் 1. பெரிய உறுப்பை மட்டும் வகுத்து, ஒய் ஈக்குவல் டு எக்ஸ்னு எழுதிடறாங்க. தப்பு. முழுசா நீள் வகுத்தல் பண்ணுங்க: ஈவு எக்ஸ் பிளஸ் 1, மீதி 2. ஈவுதான் தொலைத் தொடுகோடு. எக்ஸ்ல 101 போட்டுப் பாருங்களேன். வளைவரை 102.02, நம்ம கோடு 102. இடைவெளி 0.02. ஒய் ஈக்குவல் டு எக்ஸ்னா இடைவெளி 1.02, எவ்வளவு தூரம் போனாலும் அந்த 1 கரையவே கரையாது. மீதி பூஜ்ஜியம் ஆகுற எக்ஸ் இருந்தா, பகுதியும் (கீழ இருக்கற கோவை) அங்க பூஜ்ஜியமா இல்லாட்டி, வளைவரை கோட்டை அங்க சந்திக்கும். இங்க மீதி 2, அதனால சந்திக்காது.

நிலைக்குத்துத் தொலைத் தொடுகோடு வேற மாதிரி. பல்லுறுப்புக் கோவையைப் பல்லுறுப்புக் கோவையால வகுத்த சார்புக்கு அங்க மதிப்பே கிடையாது, அதனால தொட முடியாது. ஆனா பகுதி பூஜ்ஜியம்னு பார்த்ததும் கோடு போட்டுடாதீங்க, முதல்ல சுருக்குங்க. மேல எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 3 எக்ஸ் பிளஸ் 2, கீழ எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 1. எக்ஸ் மைனஸ் 1 அடிபட்டுப் போகுது. மிச்சம் மேல எக்ஸ் மைனஸ் 2, கீழ எக்ஸ் பிளஸ் 1. கோடு மைனஸ் 1-ல மட்டும்தான். எக்ஸ் 1-ல, ஒய் மைனஸ் அரையில, வெறும் ஓட்டை. படத்துல அதை நிரப்பாத சின்ன வட்டமா காட்டுங்க.